தும்பைக்கு நாலு விதை: வெயில் பூவை என்ன செய்கிறது என்று நீங்களே பார்த்தறிய

தும்பைப் பூவைப் பிடுங்கி அடியில் தேன் உறிஞ்சாத பிள்ளை எங்கள் ஊரில் கிடையாது. அந்தப் பூ உதிர்ந்த இடத்தில் பச்சையாகச் சின்னக் குழல் ஒன்று நிற்கும். புல்லிக் குழல். அது காய்ந்து பழுப்பானதும் உள்ளங்கையில் கவிழ்த்துத் தட்டுங்கள். சின்னதாக, வழவழப்பாக, பழுப்பு விதைகள் விழும். நன்றாகப் பிடித்த பூவானால் நாலு விழும், அதற்கு மேல் எந்தப் பூவிலும் கிடையாது. மூன்று விழலாம், ஒன்று விழலாம், ஒன்றுமே விழாமலும் போகலாம்.

இந்த 'நாலுக்கு எத்தனை' என்ற கணக்குதான் எனக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தது. நான் திருமங்கலத்துக்கும் விருதுநகருக்கும் நடுவே கரிசல் காட்டில் காட்டுச் செடிகளின் விதை சேகரிக்கிறவன். தும்பை, ஆவாரை, கொழிஞ்சி, எருக்கு என்று சேகரித்து, கண்மாய்க் கரைகளிலும் மேய்ச்சல் புறம்போக்குகளிலும் மழைக்கு முன்னால் தூவுவோம். தொடங்கிய வருடம் தை மாதம் ஒரு சாக்குத் தும்பைக் கதிர் அடித்து முறத்தில் புடைத்ததில் அரைப் படிக்குக் குறையாமல் விதை நின்றது. பங்குனிக் கடைசியில் அதே அளவு சாக்கு, அதே முறம். உமியெல்லாம் பறந்த பிறகு முறத்தில் மிஞ்சியது ஒரு பிடி.

அப்போது ஆட்டுக் கிடை போட்டிருந்த அண்ணாச்சி ஒருவர் பார்த்துவிட்டுச் சொன்னார்: "வெயில்ல பூத்தது மலட்டுப் பூ தம்பி. அதுல என்னத்தப் பொடைக்கிற?" நான் அதை நம்பவில்லை. வண்டு குறைந்துபோயிருக்கும், யாராவது மருந்து அடித்திருப்பார்கள் என்றுதான் நினைத்தேன். அவர் சொன்னது எவ்வளவு சரி என்று தெரிந்துகொள்ள எனக்கு மூன்று கோடை ஆனது. உங்களுக்கு ஒரே பருவத்தில் தெரிய வேண்டும் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

வெயில் கை வைக்கும் இடங்கள்

பூவிலிருந்து விதைக்குப் போகிற வழியில் வெப்பம் பல இடங்களில் கை வைக்கும். அதில் மிக மென்மையான இடம் நம் கண்ணுக்குத் தெரியாதது: மூடிய மொட்டுக்குள் மகரந்தத் தூள் உருவாகிற நாட்கள். அந்தச் சமயத்தில் சூடு தாக்கினால் தூள் சூம்பிப்போகும். பூ விரியும், வெள்ளையாகவே இருக்கும், தேனும் இருக்கும். தூளில் மட்டும் உயிர் இருக்காது. பெண் பாகமான சூலகம் பொதுவாக இதைவிடக் கொஞ்சம் தாங்கும். முதலில் விழுவது ஆண் பாகம்தான்.

பயிர்களில் இது நன்றாகவே அளக்கப்பட்ட விஷயம். தக்காளியில் பகல் 35 டிகிரியை நெருங்கி, இரவும் 24-க்குக் கீழே இறங்காமல் இருந்தால் காய்ப்பு விழுந்துவிடும். அடி விழுவது பூ விரிவதற்கு ஏறக்குறைய 7 முதல் 15 நாள் முன்னால். நெல்லில் பூ விரியும் அந்தக் காலை நேரத்தில் 35 டிகிரிக்கு மேல் ஒரு மணி நேரம் நின்றாலே போதும், பதர் கூடிவிடும். இரவுச் சூட்டையும் மறந்துவிடாதீர்கள். பகலில் செடி சேர்த்த சர்க்கரையை வெக்கையான இரவு தின்றுவிடும்.

இதற்கு அப்புறம்தான் மற்றவை வரிசையாக வரும். பூ விரிந்த பின் தூள் எவ்வளவு நேரம் காயாமல் இருக்கிறது, தூளை ஏற்கும் நுனியான சூல்முடி எவ்வளவு நேரம் ஈரமாக இருக்கிறது, தேன் எவ்வளவு கெட்டியாகிறது, வண்டு எந்த நேரம் வருகிறது, கரு தரித்த பின் விதை நிறைய நாள் கிடைக்கிறதா என்று. ஒவ்வொன்றையும் தனியே பிரித்துப் பார்க்க முடியும். அதற்குப் பெரிய ஆய்வுக்கூடம் தேவையில்லை.

வெப்பமானி எங்கே தொங்க வேண்டும்

கைப்பேசியில் காட்டும் வெப்பநிலை உங்கள் தும்பைக்கு உரியதில்லை. வானிலை நிலையங்களில் வெப்பமானி வெள்ளைச் சட்டப் பெட்டிக்குள், ஏறக்குறைய ஆளின் நெஞ்சு உயரத்தில், நிழலில் இருக்கும். தும்பை முழங்கால் உயரம்தான். வெறும் கரிசல் மண்ணுக்குப் பக்கத்தில் அது வேறொரு உலகம். ஒரு சித்திரை மதியம் மண்மேல் வைத்துப் பார்த்தேன், 57 காட்டியது. அன்றைக்கு ஊருக்குச் சொன்ன வெப்பநிலை 39.

அதனால் அதிகபட்சம், குறைந்தபட்சம் இரண்டையும் நினைவில் வைத்துக்கொள்ளும் டிஜிட்டல் வெப்பமானி ஒன்று வாங்குங்கள். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். அதைப் பூ இருக்கிற உயரத்தில் ஒரு குச்சியில் கட்டுங்கள். நேர் வெயில் பட்டால் அது காற்றின் சூட்டைக் காட்டாது, தன் சூட்டைத்தான் காட்டும். வெள்ளை பிளாஸ்டிக் தட்டு மூன்றை விரற்கடை இடைவெளி விட்டு, கவிழ்த்து அடுக்கி, நடுவில் வெப்பமானியின் முனை வரும்படி வைத்தால் காற்று உள்ளே போய்வரும், வெயில் படாது. காலை 6 மணிக்கு ஒரு முறை, மாலை ஒரு முறை எழுதினால் போதும். ஒரு நாளும் விடாமல் எழுத வேண்டும். ஏன் என்று அடுத்துச் சொல்கிறேன்.

புள்ளி வைப்பது

தும்பையில் கணுவுக்குக் கணு உருண்டையாகப் பூக்கள் கூடி நிற்கும். ஒரு கணுவில் இன்று விரிந்ததும், முந்தாநாள் விரிந்ததும், இனி விரியப்போவதும் சேர்ந்தே இருக்கும். நூல் கட்டினால் கணுவை அடையாளம் காட்டலாம், பூவைக் காட்ட முடியாது. நான் செய்வது இது: துணிக்கு வரையும் பெயிண்டில் ஐந்து நிறம் வாங்கி, ஈர்க்குச்சி நுனியில் தொட்டு, இன்று விரிந்த பூவின் புல்லிக் குழலில் வெளிப்பக்கமாக ஒரு புள்ளி. திங்கள் சிவப்பு, செவ்வாய் நீலம், இப்படி. கணுவுக்கு ஒரு நூல் கட்டி, எந்த வாரம் என்று நோட்டில் குறித்துவிட வேண்டும். நகப்பூச்சு வேண்டாம். அதிலுள்ள கரைப்பான் இளம் திசுவைக் கருக்கிவிடுகிறது.

இந்தப் புள்ளி எனக்குக் காட்டிய ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டும். இரண்டாவது வருடம் மாசி முடிகிற நேரத்தில் ஒரு வாரம் எதிர்பாராத வெக்கை. அப்புறம் ஒரு கோடை மழை. மழைக்கு மூன்றாம் நாள் காடே குளிர்ந்து கிடந்தது. தும்பை வெள்ளை வெள்ளையாக விரிந்து, வண்ணத்துப்பூச்சியும் சின்னத் தேனீயும் இடம் பிடிக்கச் சண்டை போடாத குறை. இன்றைய பூவெல்லாம் நாலுக்கு நாலு பிடிக்கும் என்று சந்தோஷமாகப் புள்ளி வைத்தேன். மஞ்சள் புள்ளி. காய்ந்த பிறகு கவிழ்த்தால் பெரும்பாலான குழலில் ஒன்று, இல்லை வெறுமை. அதே செடிகளில் இரண்டு வாரம் கழித்து வைத்த பச்சைப் புள்ளிகளில் மூன்றும் நாலுமாக விழுந்தன. அந்த இரண்டு வாரமும் வெயில் ஏறிக்கொண்டுதான் இருந்தது, ஆனால் அந்த வெக்கை வாரத்தின் அளவுக்குப் போகவில்லை.

நோட்டைப் பின்னால் புரட்டினேன். மஞ்சள் புள்ளிப் பூக்கள் மொட்டாக இருந்த நாட்கள் சரியாக அந்த வெக்கை வாரம். பூ விரிந்த நாளின் குளிர்ச்சி அவற்றுக்கு உதவவில்லை. கெட்டது அதற்கு முன்பே கெட்டிருந்தது.

விதை பிடிக்காத பூவைப் பார்த்தால் அது விரிந்த நாளின் வெயிலை மட்டும் பார்க்காதீர்கள். பத்து நாள் பின்னால் போய்ப் பாருங்கள். தினமும் எழுதச் சொல்வது இதற்காகத்தான்.

மூன்று வகைப் பூ

எல்லாவற்றிலும் முக்கியமான வேலை இது, அவசரப்படாமல் செய்யுங்கள். ஐந்து செடி தேர்ந்தெடுங்கள். ஒரே செடியில் எல்லாவற்றையும் செய்தால் அந்தச் செடியின் குணம்தான் தெரியும், வெயிலின் குணம் தெரியாது. ஒவ்வொரு செடியிலும் மூன்று வகையாகப் பூக்களைப் பிரித்துக்கொள்ளுங்கள், வகைக்கு மொத்தம் 20 பூவாவது தேறட்டும்.

முதல் வகை திறந்த பூ. அதைத் தொடவே வேண்டாம், புள்ளி மட்டும். இரண்டாவது மூடிய பூ: மொட்டாக இருக்கும்போதே கணுவை வலைப் பையால் மூடி, பூ உதிரும்வரை எடுக்கக் கூடாது. கல்யாண வீட்டில் பாதாம் போட்டுத் தருகிறார்களே, அந்த மெல்லிய வலைப் பை இதற்கு நன்றாக இருக்கிறது. மூன்றாவது கை சேர்த்த பூ: காலை 7 மணிக்குள், வேறொரு செடியின் புதுப் பூவிலிருந்து மெல்லிய ஓவியத் தூரிகையால் தூள் எடுத்து, இந்தப் பூவின் சூல்முடியில் தடவ வேண்டும். தும்பைப் பூவின் மேலுதடு முடி அடர்ந்த தொப்பி மாதிரி வளைந்திருக்கும். மகரந்தப்பைகளும் பிளவுபட்ட சூல்முடியும் அந்தத் தொப்பிக்கு உள்ளே ஒளிந்திருக்கும். தேன் குடிக்கக் கீழுதட்டில் வந்து இறங்குகிற தேனீயின் முதுகில் அவை உரசும். உங்கள் தூரிகையும் தேனீயின் முதுகு போலக் கீழிருந்து மேலாகத் தடவ வேண்டும்.

என் முதல் வருடப் பிழையையும் சொல்லிவிடுகிறேன். வலைப் பை கிடைக்காமல் பாலித்தீன் கவரால் மூடினேன். 10 மணிக்கெல்லாம் உள்ளே வேர்த்து, மதியம் பூக்கள் வேகவைத்த கீரை போலத் தொங்கின. நாற்பது பூ வீண். வலைப் பைகூடக் கொஞ்சம் சூடு கூட்டும். முடிந்தால் இன்னொரு வெப்பமானியின் முனையை ஒரு பைக்குள் விட்டு வித்தியாசத்தை எழுதிக்கொள்ளுங்கள்.

இனி கணக்கைப் படிக்கும் விதம். திறந்த பூவில் விதை குறைவு, கை சேர்த்த பூவில் நிறைய என்றால் பூ நலமாக இருக்கிறது, வருகிறவர்கள்தான் வரவில்லை. இரண்டிலுமே குறைவு என்றால் குறை பூவுக்குள்ளேயோ செடியின் ஊட்டத்திலோ இருக்கிறது. வண்டைக் குற்றம் சொல்லாதீர்கள். மூடிய பூவும் திறந்த பூவும் ஒரே அளவு பிடித்தால் அந்தச் செடி தனக்குத்தானே சேர்த்துக்கொள்கிறது. நெருஞ்சி இதற்கு நல்ல உதாரணம். காலையில் விரிந்து வெயில் ஏறியதும் மூடிக்கொள்ளும்போது மகரந்தப்பைகள் சூல்முடியில் அழுந்தும். யாரும் வராவிட்டாலும் அதற்கு முள்காய் உண்டு.

கை சேர்த்தும் பிடிக்கவில்லை என்ற நிலையில் இன்னும் ஒரு படி போகலாம். வேப்பமர நிழலில் வளர்ந்த செடியின் தூளை வெட்டவெளிச் செடியின் பூவுக்குப் போடுங்கள். வெட்டவெளித் தூளை நிழல் செடிப் பூவுக்குப் போடுங்கள். முதலாவதில் விதை பிடித்து, இரண்டாவதில் பிடிக்காவிட்டால் கெட்டது தூள்தான் என்று திட்டமாகச் சொல்லிவிடலாம். என் காட்டில் பங்குனியில் கிடைத்த விடை அதுதான். கிடைக்கார அண்ணாச்சி சொன்ன 'மலட்டுப் பூ' என்ற சொல்லுக்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குத் தெரியாது. பாதி மலடு, ஆண் பாதி.

யார் வருகிறார்கள், எப்போது

ஒரு சதுர மீட்டர் இடத்தைக் கயிறு கட்டி அடைத்து, அதில் விரிந்த பூ எத்தனை என்று எண்ணிக்கொண்டு, 10 நிமிடம் அசையாமல் உட்கார்ந்து எத்தனை பூ தொடப்பட்டது என்று எழுதுங்கள். காலை 6.30, 9, 11, மதியம் 1, மாலை 4.30. பக்கத்தில் அந்த நேரத்து வெப்பநிலை. மூன்று நாள் செய்தால் போதும், வருகையின் வடிவம் தெரிந்துவிடும்.

வெயில் ஏற ஏற வருகை காலைப் பக்கமாகவும் மாலைப் பக்கமாகவும் ஒதுங்கும். பறப்பது என்பதே சூடு உண்டாக்குகிற வேலை. உடல் பெருத்த தேனீக்கு நடு மதியத்தில் அந்தச் சூட்டை வெளியே தள்ள முடியாது. தேனீக் கூட்டிலோ குஞ்சு இருக்கும் இடத்தை 35 டிகிரி சுற்றில் வைத்திருக்க வேண்டும். அதனால் கடும் கோடையில் வேலைக்காரத் தேனீக்களில் ஒரு பங்கு பூவை விட்டுவிட்டுத் தண்ணீர் சுமக்கப் போய்விடும். எங்கள் அடிகுழாய்த் தொட்டியில் சித்திரையில் மொய்க்கிற தேனீக்கள் மாசியில் தும்பையில் இருந்தவைதான். பூவிலும் தேன் நீர் வற்றிக் கெட்டிப்படும். உறிஞ்சுகுழல் நூலளவே உள்ள வண்ணத்துப்பூச்சிக்குக் கெட்டிப் பாகு இழுப்பது சிரமம்.

மலையில் இருப்பவர்கள் இதைத் தலைகீழாகப் படித்துக்கொள்ளுங்கள். கொடைக்கானலில் மார்கழிக் காலையில் குளிர் 10 டிகிரிக்குக் கீழே இருந்தால் தேனீ கூட்டை விட்டு வருவதே அரிது. அங்கே வெயில் வரும்வரை பூ காத்திருக்கும். இன்னும் வடக்கே, துருவப் பகுதியில், சில பூக்கள் கிண்ணம் போல விரிந்து நாள் முழுக்கச் சூரியன் பக்கமாகவே திரும்பும். கிண்ணத்துக்குள் காற்றை விடச் சில டிகிரி சூடு கூடுதல், பூச்சிகள் அங்கே குளிர்காயும், விதையும் அந்தச் சூட்டில்தான் முற்றும். வெயிலுக்கு ஏங்குகிற பூவும் உலகத்தில் இருக்கிறது என்று படித்தபோது, சித்திரைக் கரிசலில் நின்றுகொண்டிருந்த எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

ஆவாரையின் ரீங்காரம்

ஆவாரையைத் தனியாகச் சொல்ல வேண்டும், அதற்குத் தூரிகை உதவாது. பொங்கலுக்குக் காப்புக் கட்டப் பூளையோடும் வேப்பிலையோடும் சேர்த்துப் பறிப்போமே, அந்தப் பூ ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். மகரந்தப்பைகள் வாழைப்பழம் மாதிரி வளைந்திருக்கும். சில குட்டை, சில நீளம். அவை பக்கவாட்டில் வெடிக்காது. தூள் வெளியே வர நுனியில் மட்டும் சின்னத் துளை. தேனும் கிடையாது. இதற்கு வருகிற முக்கியமான விருந்தாளி கருவண்டு என்று நாங்கள் சொல்லும் பெரிய கரிய தேனீ, மூங்கிலையும் வீட்டு உத்திரத்தையும் துளைத்துக் குடியிருப்பது. அது வந்து பைகளைக் கட்டிப்பிடித்து, சிறகை அசைக்காமல் மார்புத் தசையை மட்டும் அதிரவிடும். 'ர்ர்ங்' என்று சத்தம் மாறும். அந்த அதிர்வில் துளை வழியே தூள் பீச்சியடிக்கும். குட்டைப் பைகளின் தூள் அதன் சாப்பாட்டுக்கு, நீளப் பைகளின் தூள் அதன் உடலின் ஓரத்தில் ஒட்டி அடுத்த பூவுக்கு. கூட்டுத் தேனீக்கு இந்த அதிர்வு வித்தை வராது.

கை சேர்க்க வேண்டுமானால் பள்ளிக்கூட ஆய்வகத்தில் இருக்கும் இசைக்கவை ஒன்றை இரவல் வாங்குங்கள். நொடிக்கு 256 அதிர்வு என்று போட்டிருப்பது போதும். தட்டிவிட்டு அதன் கிளையை மகரந்தப்பைக்கு லேசாகத் தொட்டால், கீழே பிடித்த கறுப்புக் காகிதத்தில் மஞ்சள் தூள் புகை போல இறங்கும். முதல் தடவை பார்த்தபோது என் மகள் இன்னொரு தடவை, இன்னொரு தடவை என்று பத்துப் பூவைக் காலி செய்தாள். அந்தத் தூளை வேறொரு புதரின் பூவில், வளைந்து நீண்ட சூல்தண்டின் நுனியில் ஒற்ற வேண்டும். சூல்தண்டு ஒரு பூவில் இடப்பக்கமாகவும் இன்னொன்றில் வலப்பக்கமாகவும் வளைந்திருக்கும். குழம்ப வேண்டாம், அது அதன் இயல்பு.

ஆவாரையில் வெயிலின் பாதிப்பை நேரக் கணக்கில் நன்றாகப் பார்க்கலாம். கருவண்டு வரும் நேரத்தை மாசியிலும் சித்திரையிலும் எழுதி ஒப்பிடுங்கள். தனி வண்டு ஒன்றை நம்பியிருக்கிற பூவுக்கு, அந்த வண்டு ஒரு மணி நேரம் முன்னதாகக் கூட்டுக்குத் திரும்பினாலும் நஷ்டம்தான். இன்னொன்று: ஆவாரம்பூப் பொடிக்காக இப்போது புதர் புதராக மொட்டையடிக்கிறார்கள். பறிக்கிறவர்களிடம் கிளைக்கு நாலு பூவாவது விடச் சொல்லிக் கேளுங்கள். கேட்டால் விடுகிறார்கள்.

எருக்கைத் தொடக்கத்தில் தவிர்த்துவிடுங்கள். அதில் தூள் பொதியாகக் கட்டியிருக்கும், கையால் சேர்ப்பது கடினம், இயல்பிலேயே பூக்கும் அளவுக்குக் காய் மிகக் குறைவுதான்.

தூளில் உயிர் இருக்கிறதா

நுண்ணோக்கி கிடைத்தால் இதையும் செய்யலாம். பள்ளி நுண்ணோக்கி போதும். காகிதத்தில் மடித்துச் செய்யும் ஃபோல்ட்ஸ்கோப் 140 மடங்கு காட்டும், அதிலும் தெரியும். அசிட்டோகார்மைன் என்ற சாயத் துளியில் தூளை உதறினால் நிறைந்த தூள் சிவக்கும், சூம்பியது வெளிறிக் கிடக்கும். 200 எண்ணி அதில் எத்தனை சிவப்பு என்று எழுதுங்கள்.

சாயம் ஏறுவதால் மட்டும் முளைக்கும் என்று சொல்ல முடியாது. முளைக்கிறதா என்று பார்க்க ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய நீரில் 100 கிராம் சர்க்கரை, 0.1 கிராம் போரிக் ஆசிட். கேரம் பலகைக்குத் தூவும் பவுடர் பல நேரம் போரிக் ஆசிட்தான், லேபிளைப் படித்து வாங்குங்கள், தொட்டபின் கை கழுவுங்கள். ஒரு துளி கரைசல், அதில் தூள், ஈரப் பஞ்சு வைத்த டிபன் டப்பாவுக்குள் வைத்து இரண்டு மணி நேரம். தூளின் குறுக்களவை விட நீளமாகக் குழாய் நீட்டியிருந்தால் முளைத்தது என்று கணக்கு. குழாய் வரவே இல்லையென்றால் சர்க்கரையை லிட்டருக்கு 150, 200 கிராம் என்று கூட்டிப் பாருங்கள், செடிக்குச் செடி தேவை மாறும். சரியான அளவு பிடிபட்டதும், ஒரு டப்பாவை மண்பானைக்குப் பக்கத்திலும் இன்னொன்றைத் தகரக் கூரைக்கு அடியிலும் வையுங்கள். இரண்டிலும் வெப்பநிலை எழுதுங்கள். ஒரே பூவின் தூள் இரண்டு விதமாக நடந்துகொள்வதை ஒரே மதியத்தில் பார்த்துவிடலாம்.

சூட்டை நாமே கூட்டுவதும் குறைப்பதும்

பருவம் மாறும்வரை காத்திருந்தால் வெயிலோடு வறட்சியும் சேர்ந்து வரும், எது செய்த வேலை என்று பிரிக்க முடியாது. அதற்குத் தொட்டியில் வளர்ப்பதுதான் வழி. தும்பை வளர்ப்புப் பையில் சுலபமாக வரும். துருவப் பகுதிகளில் 1990 முதல் ஒரு பன்னாட்டுக் குழு, மேலே திறந்த அறுகோணக் கூண்டுகளைச் செடிகளைச் சுற்றி வைத்து 1 முதல் 3 டிகிரி சூடு கூட்டிப் பார்க்கிறது. அதையே நாமும் செய்யலாம். மூங்கில் குச்சிகள், முழங்கால் உயரத்துக்குத் தெளிவான பாலித்தீன் தாள், மேலே திறப்பு. நம் ஊரில் இதை மார்கழி, தையில் மட்டும் செய்யுங்கள், பங்குனியில் செய்தால் அடுப்பாகிவிடும். பக்கத்தில் தாள் இல்லாத வெறும் குச்சிக் கூண்டு ஒன்றும் ஒப்பிட வேண்டும்.

கோடையில் எதிர்த்திசை: 11 மணி முதல் 4 மணி வரை மட்டும் நிழல்வலை. நாள் முழுக்கப் போட்டால் வெளிச்சமும் குறைந்து கணக்குக் கெடும். கூண்டும் வலையும் பூச்சிகளையும் தடுக்கும் என்பதால் இந்தச் செடிகளில் எல்லாப் பூவுக்கும் கையால்தான் தூள் சேர்க்க வேண்டும். தண்ணீர் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. எல்லாப் பைக்கும் ஒரு சொம்பு என்று சமமாக ஊற்றுவது சமம் ஆகாது, சூட்டில் இருக்கும் பை சீக்கிரம் காயும். பையைத் தூக்கி எடை பார்த்து, எல்லாம் ஒரே கனத்துக்கு வரும்வரை ஊற்றுங்கள்.

எண்ணுவது

குழல் பழுப்பாகி, விதை உதிர்வதற்குள் பறிக்க வேண்டும். காலைப் பனி இருக்கும்போது பறித்தால் சிதறாது. வெள்ளைத் தாளில் ஒவ்வொரு குழலாகக் கவிழ்த்து, நிறைந்த விதை எத்தனை என்று எழுதுங்கள். அப்புறம் குழலைப் பிளந்து அடியைப் பாருங்கள், இதைப் பலர் செய்வதில்லை. நாலு துகள் அப்படியே வளராமல் நின்றிருந்தால் கரு தரிக்கவில்லை: தூளோ வருகையோ தவறிவிட்டது. பாதி வளர்ந்து சுருங்கியிருந்தால் கரு தரித்திருக்கிறது, நிறையும் நாட்களில் சூடோ தாகமோ கெடுத்திருக்கிறது. வெறுமை இரண்டு வகை, இரண்டையும் தனித்தனிப் பத்தியில் எழுதுங்கள்.

நகை எடை போடும் சின்னத் தராசில் 100 விதையின் எடையையும் பாருங்கள். வெக்கையில் விதை அவசரமாக முற்றும், நிறைய நாள் கிடைக்காது. எண்ணிக்கை சரியாக இருந்தும் எடை இளைத்திருக்கலாம்.

ஒரு பருவத்து விதையை இன்னொரு பருவத்து விதையோடு கலக்காதீர்கள். தாய்ச் செடி எந்தச் சூட்டில் விதையை முற்றவைத்ததோ அது விதையின் தூக்கத்தில் பதிந்திருக்கும். காட்டு ஓட்ஸ் போன்ற செடிகளில் குளிரில் முற்றிய விதை ஆழ்ந்து தூங்கும், சூட்டில் முற்றியது சீக்கிரம் முளைக்கும். ஒரே செடியின் இரண்டு பொட்டலத்தை ஒன்றாகக் கொட்டிவிட்டு, பாதி முளைக்கவில்லை என்று பிற்பாடு வருத்தப்படுவதில் அர்த்தமில்லை. ஆவாரை கெட்டித் தோல் விதை, அதை உப்புத்தாளில் லேசாகத் தேய்த்து ஊறவைத்து முளைப்பைப் பாருங்கள். தேய்க்காத விதை முளைக்காததை வெயிலின் கணக்கில் எழுதிவிடக் கூடாது.

இப்போது நான் தும்பைக்குச் சேகரிப்பு நாளை நாள்காட்டி பார்த்து வைப்பதில்லை. வெப்பமானி நோட்டைப் பார்க்கிறேன். வெக்கை வாரம் ஒன்று போனால், அதற்குப் பின் இரண்டு வாரத்துப் பூக்களை விட்டுவிட்டு அதற்கு அடுத்த புள்ளிகளிலிருந்து எடுக்கிறேன். பொட்டலத்தின் மேல் ஊர் பெயரும் தேதியும் மட்டும் எழுதிக்கொண்டிருந்த இடத்தில் இன்னும் இரண்டு வரி சேர்ந்திருக்கிறது. தகரப் பெட்டியில் மேலாக இருக்கும் பொட்டலத்தில் இப்படி இருக்கிறது: "தும்பை. கண்மாய்க் கரை, கீழ்ப்புறம். தை 20 முதல் 27 வரை பூத்தது. மொட்டாக இருந்த நாட்களில் பகல் 31, இரவு 20. நாலுக்கு நாலு பாதிக்கு மேல். சின்னத் தேனீ நிறைய."

அதற்குக் கீழே இருப்பது பங்குனிப் பொட்டலம். எடை குறைவுதான், அதையும் தூவாமல் வைத்திருக்கிறேன். அந்த வெயிலிலும் உயிருள்ள தூள் வைத்திருந்த செடிகளின் விதை அது. இந்த ஆடியில் தனிப் பாத்தியில் போட்டு, அடுத்த பங்குனியில் அவற்றின் பூவுக்குப் புள்ளி வைக்கப் போகிறேன்.